கூடு

லக்சம்பர்க் நகரில் ஒரு மூன்றாம் மாடியில்
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நபர்கள் வசிக்கிறார்கள்.
சட்டம் அவர்களை நபர்கள் என்றுதான் சொல்கிறது.
வழக்குப் போடலாம், கடன் கேட்கலாம்,
சொத்து வாங்கலாம், சாகவும் செய்யலாம்.
கோட்டு மாட்ட நாலே கொக்கிகள்.
கோப்பைகள் மூன்று. ஒன்றுக்குக் காது உடைந்திருக்கிறது.

டியோலிண்டா குவரெஸ்மா
ஏஷிலிருந்து நாலரை மணி ரயிலில் வந்து
ஐந்தே காலுக்கு விளக்கைப் போடுகிறாள்.
பன்னிரண்டு வருடத்தில் அந்த நபர்களில் ஒருவரின்
தலைமுடியைக்கூட அவள் கூட்டி அள்ளியதில்லை,
வெல்ட்டருடையதைத் தவிர.
வெல்ட்டர் அறுபத்து மூன்று நிறுவனங்களின் இயக்குநர்.
மதியச் சாப்பாட்டுக்குள் பதினெட்டுக் கூட்டம் நடத்துவார்,
தலைவரும் அவரே, வழிமொழிபவரும் அவரே,
இடையில் ஒருமுறை மூக்குச் சிந்துவார்.

கதவருகே பெயர்ப் பட்டியல்.
ஹோல்டிங், குரூப், பார்ட்னர்ஸ், டிரஸ்ட்.
ஆட்டுக்கு மந்தை, மீனுக்குத் திரள்,
திருடர் சேர்ந்தால் கும்பல்,
அந்தக்கால வணிகர் வண்டிகட்டிப் போனால் சாத்து.
முதல் மட்டும் தனியே சேர்ந்துகொண்டால்
குழுமம்.
ஆளே இல்லாத கூட்டத்துக்கு
இத்தனை மரியாதையான சொல்
எவன் கண்டுபிடித்தானோ.

கூடு என்றாலும் சரிதான்.
பறவை பிறக்கும் முன்பே பதிவாகிவிடுகிற கூடு.
செவ்வாய்க்கிழமைகளில் பணம்
ஒரு கூட்டை விட்டு இன்னொரு கூட்டுக்குப் பாயும்.
சித்தர் செய்தபோது அற்புதம் என்றார்கள்,
இங்கே அதற்கு ரசீது உண்டு.

நவம்பரில் ஒரு விடிகாலை
கதவுக்கு வெளியே ஒருவன் உட்கார்ந்திருந்தான்.
காலீசியாவிலிருந்து, இரண்டு பேருந்து, ஒன்றரை நாள்.
பெயர் எலாடியோ. மடியில் காகிதப் பை.
அவன் ஊர் மத்தி மீன் ஆலை
வெள்ளிக்கிழமை மூடப்பட்டிருந்தது,
கடிதத்தின் அடியில் இந்த முகவரி.
அவன் பேசியது காலீசியன், இவள் பேசியது போர்த்துகீசியம்,
சித்தி பிள்ளைகள் மாதிரி இரண்டு மொழியும்
பாதி வாக்கியத்தை மற்றதற்கு விட்டுக்கொடுத்தன.

கையில் துடைப்பத்தோடு நின்றவளைப் பார்த்து
"நீங்கள்தானா நிறுவனம்?" என்றான்.
கிண்டல் இல்லை. தொப்பியைக் கழற்றியிருந்தான்.

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
"உள்ளே வாருங்கள், குளிராக இருக்கிறது" என்றாள்.

காது உடைந்த கோப்பை அவளுக்கு.
பையிலிருந்து இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துகள்,
சில, மீன் எண்ணெய் ஊறி மறுபக்கம் தெரிந்தன.
ஒவ்வொன்றாகப் படித்தான்:
தலை கிள்ளும் ரெமெடியோஸ், டப்பா மூடும் ஃபினா,
இராப்பொழுது கொதிகலன் பார்க்கும் அமாரோ...
அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில்
"அமாரோவுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்றாள்.
அந்த முகவரியில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து
நடந்த கூட்டம், அவள் அறிய, அது ஒன்றுதான்.
தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.

எட்டு மணிக்கு வெல்ட்டர் வந்தார்.
வருத்தப்பட்டார், உண்மையாகவே.
அந்த நிறுவனம் திங்களன்றே கலைக்கப்பட்டுவிட்டது என்றார்.
மேகம் கலையும், உறக்கம் கலையும்,
கரு கலையும், வாரிய தலை கலையும்,
தெருவில் கூடியவர்களைப் போலீஸ் கலைக்கும்.
இது கலைந்ததில் ஒரு தாள்கூட அசையவில்லை.
பொறுப்பா? அது பிறந்த அன்றே வரையறுக்கப்பட்டது,
பெயரின் வாலிலேயே எழுதியிருக்கிறது.

எலாடியோ பையை மறந்துபோனானா, விட்டுப்போனானா,
அவளுக்குத் தெரியாது.
பட்டியலில் அந்தப் பெயர்மேல் வெள்ளை நாடா ஒட்டியிருந்தது.
மறுநாள் வழக்கம்போலக் கூட்டினாள்.
மேசைக்கடியில் ஒரு ரொட்டித் துணுக்கு,
நரைத்த முடி ஒன்று, வெல்ட்டருடையது இல்லை.

பை இப்போது துடைப்ப அலமாரியில் இருக்கிறது.
மீன் நாற்றம் அடிக்கிறதென்று
இதுவரை மூன்று நிறுவனங்கள் புகார் எழுதிவிட்டன.
மூன்றிலும் ஒரே கையெழுத்து.